வழிப்போக்கரின் ஷபாத் சாப்பாடு

இஸ்ரேலுக்கு வெளியே உள்ள பல யூத ஜெப ஆலயங்களில் வெள்ளிக்கிழமை இரவுத் தொழுகை முடியும் வேளையில் ஒருவர் திராட்சை ரசக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, ‘கிட்டுஷ்’ என்னும் வாழ்த்தை ஓதுவார். யூதர்களின் வார ஓய்வுநாளான ஷபாத்தின் விருந்து தொடங்கும்போது, சாப்பிடும் இடத்தில் ஓத வேண்டிய வாழ்த்து அது. ஆலயத்திலோ யாரும் சாப்பிடப் போவதில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய், மறுபடியும் ஓதி, பிறகே உண்பார்கள். ஓதியவர்கூட அந்த ரசத்தை அருகில் நிற்கும் சிறுவனுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அப்படியானால் இது எதற்கு? யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தல்மூத் சொல்லும் காரணம் வழிப்போக்கர்கள். ஒரு காலத்தில் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் ஜெப ஆலயத்திலேயே உண்டு, குடித்து, உறங்கினார்கள். அவர்களுக்காக ஏற்பட்ட ஓதல் இது. அந்த விருந்தாளிகள் மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகியும் கிண்ணம் மட்டும் வாராவாரம் உயர்கிறது.

எருசலேமில் 1913இல் அகழ்ந்தெடுத்த தியோடோட்டஸ் கல்வெட்டு இதற்கு இன்னும் பழைய சாட்சி. கிரேக்க மொழியில் பொறித்த அந்தக் கல், ஒரு ஜெப ஆலயத்தைக் கட்டியதோடு வெளியூரிலிருந்து வருவோருக்குத் தங்கும் அறைகளும் தண்ணீர் வசதியும் அமைத்ததைச் சொல்கிறது. நம் ஊர் மொழியில் சொன்னால், கோயிலும் சத்திரமும் ஒரே கட்டடம். இன்று அந்தச் சத்திரத்தின் இடத்தில் ஓட்டல் இருக்கிறது. ஓட்டலுக்கு ஷபாத் தெரியாது. கோஷர் என்னும் உணவு விதிகளைக் காக்கும் ஒரு யூதர் வேலையாகவோ, மருத்துவத்துக்காகவோ, சுற்றிப் பார்க்கவோ அந்நிய ஊருக்குப் போய், வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓட்டல் அறையில் இருக்க நேர்ந்தால் அவருடைய சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதை ஒரு பத்திய உணவுப் பட்டியலாக எண்ணிவிடுகிறார்கள். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று சமையல்காரருக்கு எழுதிக் கொடுத்தால் முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். அது தவறு. இதில் மூன்று கேள்விகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. கோஷர் என்பது உணவையும் அதைத் தொட்ட பாத்திரத்தையும் பற்றிய கேள்வி. ஷபாத் என்பது நேரத்தைப் பற்றியது. ஓட்டலோ நம்முடையதல்லாத ஒரு வீடு. ஒவ்வொன்றையும் தனித்தனியே சமாளித்துவிடலாம். மூன்றும் சேரும்போதுதான் முடிச்சு விழுகிறது.

ஆனால் ஷபாத் சட்டம் வீட்டில் பிறந்து, பிறகு பாதைக்கு இழுத்து வரப்பட்ட ஒன்றில்லை. அது பிறந்ததே பாதையில். யாத்திராகமத்தின் பதினாறாம் அதிகாரத்தில், எகிப்தை விட்டு வந்து பாலைவனத்தில் கூடாரமடித்திருந்த மக்களுக்கு வானிலிருந்து மன்னா கிடைக்கிறது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு மடங்கு. சுடுவதையும் வேகவைப்பதையும் அன்றே முடித்து மிச்சத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார் மோசே. ஏழாம் நாள் வெளியே போய்த் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றும் ஷபாத் மேசையில் இரண்டு முழு ரொட்டிகளை வைப்பது அந்த இரட்டைப் பங்கின் நினைவாகத்தான். சொந்த அடுப்பும் சொந்தக் கூரையும் இல்லாதவர்களுக்கு முதலில் சொல்லப்பட்ட விதி இது. அதனால் ஓட்டல் அறையில் கழியும் ஷபாத்தை வீட்டு ஷபாத்தின் குறைந்துபோன வடிவம் என்று நினைக்க என்னால் முடியவில்லை. மூலத்துக்கு அதுவே நெருக்கம் என்று தோன்றுகிறது.

பிற்காலத்து நூல்களும் பயணியை மறக்கவில்லை. தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா சட்டத் தொகுப்பில் ஷபாத் பகுதியின் கடைசி அதிகாரம், வழியில் இருட்டிவிட்டவன் தன் பணப்பையை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. யூதரல்லாத சகபயணியிடம் கொடுக்கலாம். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் கழுதையின்மேல் வைக்கலாம். பதினாறாம் நூற்றாண்டில் சஃபெத் நகரத்து யோசேப் காரோ தொகுத்த ‘ஷுல்ஹான் ஆருக்’ சட்டநூல் வெள்ளிக்கிழமையன்று மூன்று பர்சாவுக்கு மேல் நடக்கக்கூடாது என்கிறது. இன்றைய அளவில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நடக்க முடியாது என்பதல்ல காரணம். போய்ச் சேரும் இடத்தில் ஷபாத் உணவு தயாரிக்கப் பகல் மிச்சமிருக்க வேண்டும். விமானத்தில் போகிறவருக்கு 12 கிலோமீட்டர் ஒரு பொருட்டல்ல. அந்த விதியின் உயிர் மட்டும் அப்படியே பொருந்தும்: வெள்ளி மாலை விமானத்தை நம்பாதே.

ஷபாத் சூரியன் மறையும் முன்பே தொடங்கிவிடுகிறது. பல ஊர்களில் மறைவுக்கு 18 நிமிடம் முன்னதாகப் பெண்கள் விளக்கேற்றுவார்கள். எருசலேமில் 40 நிமிடம் முன்னதாக. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைவதால் அங்கே கணக்கு எளிது. டிசம்பர் மாத லண்டனில் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு அறைச் சாவியை வாங்குகிறவருக்குக் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அதற்குள் உணவு வந்து, சூடாகி, பொதிந்து, அறை ஒழுங்காகி, குளித்தும் முடிக்க வேண்டும். விளக்கு ஏற்றியபின் ஏறக்குறைய 25 மணி நேரம் தீ மூட்டுவதில்லை, சமைப்பதில்லை, எழுதுவதில்லை, பணம் தொடுவதில்லை, மின்பொத்தானை அழுத்துவதில்லை. அந்த நேரத்துக்குள் மூன்று வேளை உண்ண வேண்டும் என்பதும் கட்டளை: வெள்ளி இரவு, சனி காலைத் தொழுகைக்குப்பின், சனி பிற்பகல். பட்டினி கிடந்து சமாளித்துவிடலாம் என்ற குறுக்கு வழிக்கு இடமில்லை. ஷபாத் மகிழ வேண்டிய நாள்.

உணவு எங்கிருந்து வரும்? யூதச் சமூகம் உள்ள நகரமானால் கோஷர் கேட்டரிங்காரர் ஓட்டலுக்கே கொண்டுவந்து கொடுப்பார். அது முத்திரையோடு வர வேண்டும் என்பது இன்றைய விமான உணவுக்காரர்கள் கண்டுபிடித்த முறையென்று பலர் நினைக்கிறார்கள். இதன் வேர் தல்மூத்தில் இருக்கிறது. யூதரல்லாதவர் கையில் கொடுத்தனுப்பும் பொருள்களில் எதற்கு இரண்டு முத்திரை வேண்டும், எதற்கு ஒன்று போதும் என்று ஒரு பட்டியல் அங்கே உண்டு. இறைச்சி, மீன் துண்டு, திராட்சை ரசம் ஆகியவற்றுக்கு இரண்டு. ரொட்டி, பாலாடைக்கட்டி போன்றவற்றுக்கு ஒன்று. ஒரு முத்திரை போதுமான பொருள்களின் வரிசையில் தமிழ் வாசகர் திடுக்கிடும் ஒரு பெயர் வருகிறது: பெருங்காயம். தல்மூத் அதை ‘ஹில்தித்’ என்று அழைக்கிறது.

பெருங்காயத்தில் என்ன விவகாரம்? அது வேர்ப்பால். அதை வெட்டிய கத்தியில் விலக்கப்பட்ட கொழுப்பு ஒட்டியிருக்கலாம். வேறு பொருளானால் கழுவினால் போதும் என்று விடலாம். பெருங்காயத்தின் காரம் கத்தி உள்வாங்கிய சுவையை வெளியே இழுத்துத் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் என்று யூத மத அறிஞர்களான ரபிகள் வாதிட்டார்கள். இந்தச் சிறு விவாதத்திலிருந்து வளர்ந்தது ‘காரப்பொருள்’ என்னும் முழு விதி. ஓட்டல் காலை உணவு மேசையில் நிற்கும் யூதப் பயணி முழு வாழைப்பழத்தைத் தயங்காமல் எடுப்பதும், நறுக்கிய வெங்காயத்தைத் தொடாமல் விடுவதும் இதனால்தான். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை போன்றவை எந்தக் கத்தியில் நறுக்குண்டன என்பது முக்கியம். நம் சமையலறையில் நாளும் புழங்கும் ஒரு பொருள் இந்தப் பெரிய விதிக்கு வித்தாக இருந்தது என்பதை முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட நெருக்க உணர்வு இன்னும் குறையவில்லை.

இதையொட்டி இந்தியாவுக்கு வரும் யூதப் பயணிகளின் கேள்வியையும் பார்த்துவிடலாம். சைவ ஓட்டலில் சாப்பிட்டால் போதாதா? பன்றி, இறால், பாலும் இறைச்சியும் கலந்த உணவு ஆகிய பெரிய தடைகள் அங்கே ஒரேயடியாக நீங்கிவிடுவது உண்மை. ஆயினும் கீரையில் பூச்சி இல்லை என்று யாராவது பார்த்துத் தேர்ந்திருக்க வேண்டும். பாலாடைக்கட்டி எதைக் கொண்டு உறைந்தது என்று தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முழுக்க யூதரல்லாதவர் கையால் சமைத்த உணவு பற்றிய பழைய தடை ஒன்று உண்டு. பச்சையாகவே தின்னக்கூடியவற்றுக்கும், அரச பந்தியில் வைக்கத் தகாத எளிய பண்டங்களுக்கும் அது பொருந்தாது. மற்றவற்றில் யூதர் ஒருவரின் கை பட வேண்டும். அந்தக் கை எவ்வளவு பட வேண்டும் என்பதில் இரண்டு மரபுகள். கிராகோவின் மோசே இஸ்ஸெர்லெஸைப் பின்பற்றும் ஐரோப்பிய மரபு யூதர்களான அஷ்கெனாசிகளுக்கு யூதர் அடுப்பைப் பற்றவைத்தாலே போதும். காரோவின் வழி நடக்கும், ஸ்பெயின் வழிவந்த மரபினரான செஃபார்திகளுக்குப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதும் யூதராக இருக்க வேண்டும். ஒரே ஓட்டல், ஒரே சாம்பார். ஒருவருக்கு ஆகும், இன்னொருவருக்கு ஆகாது. இந்த வேறுபாட்டை அறியாத ஓட்டல்காரர் குழம்பிப்போவதில் வியப்பில்லை.

உணவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது சூடு. என் பார்வையில் முழு விஷயத்தின் மையம் இதுதான். கோஷரல்லாத ஓட்டல் அடுப்பில் முத்திரையிட்ட உணவைச் சூடாக்கலாம், இரண்டு உறை பிரியாமல் இருந்தால். அலுமினியத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே வைக்கச் சொல்வது அதனால்தான்; நீராவியோ சிதறலோ உணவைத் தொடக்கூடாது. ஆனால் இதெல்லாம் வெள்ளி மாலைக்குள் நடக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் சமையலறைக்குத் தொலைபேசியில் சொல்லிச் சூடாக்கிக் கேட்பது இரட்டைத் தவறு. தொலைபேசியும் ஆகாது, பிறரைத் தனக்காக வேலை செய்யச் சொல்வதும் ஆகாது.

ஆகவே சூட்டைச் சேமிக்க வேண்டும். மிஷ்னாவின் ஷபாத் பகுதியில் இதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. சூடான பானையை எதனால் பொதியலாம்? துணி, தானியம், புறாச் சிறகு, தச்சரின் மரத்தூள் ஆகியவற்றால் பொதியலாம். எரு, சுண்ணாம்பு, மணல் போலத் தானே சூடேற்றும் பொருள்களால் பொதியக்கூடாது. இருக்கும் சூட்டைக் காப்பது சரி, புதிய சூடு சேர்ப்பது தவறு என்பதே கோடு. இன்று பயணி தோளில் மாட்டி வரும் தெர்மல் பை அந்தப் புறாச் சிறகின் நேர் வாரிசு. நான்கு மணிக்குச் சூடாக்கிப் பையில் பொதிந்த கோழிக்கறி இரவு எட்டு மணிக்கு வெதுவெதுப்பாக இருக்கும். மறுநாள் மதியத்துக்கு அது தாங்காது.

வீட்டிலோ மறுநாள் மதியத்துக்கும் பழைய விடை தயாராக இருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் சேர்த்து ‘சோலண்ட்’ என்று வெள்ளிக்கிழமையே அடுப்பேற்றி மெல்லிய சூட்டில் இரவெல்லாம் விடுவார்கள். மொரோக்கோவில் ‘தஃபினா’. பாக்தாத் யூதர்கள் கோழிக்குள் அரிசி அடைத்து வேகவைப்பது ‘தபீத்’. அதே சமூகத்தார் கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் குடியேறியபோது ‘ஹமீன்’ என்ற பெயரோடு இந்த நீண்டநேரச் சமையலையும் கொண்டுவந்தார்கள். தீ தொடக்கூடாத நாளில் சூடான சோறு தின்ன ஆசைப்பட்ட மக்களின் கூட்டுக் கற்பனை இது. ஓட்டல் அறையில் ஹாட் பிளேட்டை இரவெல்லாம் இயங்க விடுவதைப் பெரும்பாலான நிர்வாகங்கள் அனுமதிப்பதில்லை. தீ விபத்தை எண்ணி அவர்கள் அஞ்சுவது நியாயம். ஒளித்துவைத்து இயக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவர் கூரைக்கு ஆபத்து தேடுவது. ஒரு கட்டளையைக் காக்க இன்னொருவர் உயிரைப் பணயம் வைப்பதை நான் எந்த வகையிலும் ஏற்கமாட்டேன். சனி மதியம் குளிர்ந்த மீன், அவித்த முட்டை, சாலட் என்று முடித்துக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

தேநீருக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொதித்த நீரை நல்ல பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் மறுநாள் காலையும் சூடாக இருக்கும். அதில் நேரே தேயிலையைப் போடக்கூடாது, அது சமைத்தலாகிவிடும். அடுப்பில் இருந்த பாத்திரம் ‘முதல் பாத்திரம்’, அதிலிருந்து ஊற்றியது ‘இரண்டாம் பாத்திரம்’, அதிலிருந்தும் ஊற்றியது மூன்றாவது என்று ரபிகள் சூட்டின் வலுவைப் படிப்படியாகக் கணக்கிட்டார்கள். கோப்பையிலிருந்து கோப்பைக்கு மாற்றி, மூன்றாம் கோப்பையில் தேயிலைப் பையை நனைப்பவர்களும் உண்டு. முந்தின நாளே கெட்டியான தேநீர்ச் சாறு இறக்கி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

திராட்சை ரசத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். கொதிக்கவைக்காத கோஷர் ரசத்தை யூதரல்லாத பரிமாறுபவர் திறந்து ஊற்றினால் அது விலக்காகிவிடும். காய்ச்சிய ரசத்துக்கு அந்தத் தடை இல்லை. அதனால் பயணிகள் ‘மெவுஷால்’ என்று குறிப்பிட்ட புட்டியையோ வெறும் திராட்சைச் சாற்றையோ எடுத்துப்போவார்கள். ஒன்றும் கிடைக்காத ஊரில் வெள்ளி இரவு கிட்டுஷை ரொட்டியின்மேலேயே ஓதலாம். ரொட்டியும் இல்லையானால் மாட்ஸா. பஸ்கா பண்டிகையின் அந்தப் புளிக்காத அப்பம் மாதக்கணக்கில் கெடாது. உடையாமல் இரண்டு முழுத்தாள் ஊர் போய்ச் சேர்ந்தால் மன்னாவின் இரட்டைப் பங்கு மேசையில் வந்துவிட்டது.

சாப்பாட்டை வென்றவரை அறைக் கதவு தோற்கடிக்கும். பழைய இரும்புச் சாவி போய், மின்னட்டை வந்தபின் எழுந்த சிக்கல் இது. அட்டையைக் காட்டினால் மின்சுற்று இயங்குகிறது. சுவரிலுள்ள பள்ளத்திலிருந்து அட்டையை எடுத்தால் அறை முழுக்க இருள்கிறது. உள்ளே நுழைந்தால் உணரி கண்டுகொண்டு குளிரூட்டியை முடுக்குகிறது. குட்டி ஃபிரிட்ஜைத் திறந்தால் விளக்கு எரிகிறது. சில ஓட்டல்களில் அதிலுள்ள புட்டியை நகர்த்தினாலே கணக்கில் பணம் ஏறிவிடும். அனுபவசாலிகள் வெள்ளி மதியமே இவற்றைக் கவனித்துவிடுவார்கள். முன்பதிவின்போதே கீழ்த்தளத்து அறையையும், கிடைத்தால் சாதாரணச் சாவியையும் கேட்பார்கள். பள்ளத்தில் செருக இன்னொரு அட்டை வாங்குவார்கள். ஃபிரிட்ஜ் விளக்கைக் கழற்றுவார்கள் அல்லது அதன் பொத்தானை ஒட்டுநாடாவால் அமுக்குவார்கள். பொட்டலங்களைப் பிரித்து, கழிவறைத் தாளையும் கிழித்து அடுக்கிவிடுவார்கள். கிழிப்பதும் ஷபாத்தில் வேலைதான்.

மெழுகுவர்த்தியை ஓட்டல் அறையில் அனுமதிக்க மாட்டார்கள். வரவேற்புக்கூடத்தில் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுக்கும் நல்ல மனம் சில நிர்வாகங்களுக்கு உண்டு. இல்லையென்றால் இழை எரியும் பழைய வகைக் குண்டு பல்பை ஷபாத் விளக்காக ஏற்கலாம் என்று பல ரபிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். ஒளிரும் இழையையும் நெருப்பாகக் கருதலாம் என்பது அவர்கள் வாதம்.

ஓட்டல் ஊழியரிடம் எப்படிப் பேசுவது என்பது நுட்பமான பகுதி. யூதரல்லாதவரிடம் தனக்காகத் தடைசெய்யப்பட்ட வேலையைச் செய்யச் சொல்லக்கூடாது. நிலைமையைச் சொல்வது வேறு. ‘கதவைத் திற’ என்பதற்கும் ‘இன்றைக்கு என்னால் இந்த அட்டையைப் பயன்படுத்த முடியாது’ என்பதற்கும் இடையில் சட்டம் ஒரு வெளியை வைத்திருக்கிறது. அந்தக் குறிப்புப் பேச்சைச் சில நிலைகளில் பலர் அனுமதிக்கிறார்கள். வார்த்தை விளையாட்டு என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இன்னொருவரைக் கட்டளைக்குக் கீழே நிறுத்தாமல் உதவி பெறும் பழக்கத்தை அது கற்றுத்தருகிறது. நடைமுறையில் இதைவிட நல்லது, வெள்ளிக்கிழமையே வரவேற்பு மேசைக்குப் போய், தன் ஷபாத்தை இரண்டு நிமிடம் பொறுமையாக விளக்குவது. அன்பளிப்பையும் அன்றே கொடுத்துவிட வேண்டும். மறுநாள் பணம் தொட முடியாது, உணவுக்கூடத்தில் பில்லில் கையெழுத்திடவும் முடியாது.

ஓட்டல்கள் யூதர்களை எப்படி நடத்தின என்பதற்கு ஒரு கசந்த வரலாறும் உண்டு. 1877இல் அமெரிக்காவின் சாரடோகா ஸ்பிரிங்ஸில் கிராண்ட் யூனியன் ஓட்டல், வங்கியாளர் ஜோசஃப் செலிக்மனை யூதர் என்பதற்காகவே ஏற்க மறுத்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்க விடுமுறை ஓட்டல்கள் பல யூதர்களுக்குக் கதவடைத்தன. நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் யூதர்கள் தங்களுக்கென ஓட்டல்களை வளர்த்தெடுத்தது அந்தச் சூழலில்தான். ஒரு பண்ணை வீட்டில் விருந்தினரை வைத்துத் தொடங்கிய கிராசிங்கர் குடும்பத்தின் ஓட்டல், கோஷர் சமையலறையோடு பெரிய நிறுவனமாக உயர்ந்து 1986இல் மூடியது. ஓட்டல்களின் பாகுபாடு சட்டப்படி ஒழிந்தபின், யூதர்கள் எங்கும் போகலாம் என்றானது. போன இடத்தில் என்ன தின்பது என்ற கேள்வி அப்போது இன்னும் கூர்மையானது.

இஸ்ரேலில் பெரிய ஓட்டல்கள் பலவும் ரபிகள் மன்றத்தின் கோஷர் சான்றிதழ் பெற்றவை. அங்கே ஷபாத்தில் தானே ஒவ்வொரு தளத்திலும் நின்று செல்லும் லிஃப்ட் சாதாரணக் காட்சி. இஸ்ரேலோடு உறவு ஏற்பட்ட 2020இல் அபுதாபியின் சுற்றுலாத் துறை அங்குள்ள ஓட்டல்களுக்குக் கோஷர் உணவு வசதி செய்யுமாறு அறிவுறுத்தியது. கோஷர் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்ற வரைபடத்தை அரசியலும் மாற்றி வரைகிறது.

இவற்றுக்கெல்லாம் வெளியே, ஒன்றுமே இல்லாத ஊர்களில் மேசை போட்டிருப்பவர்கள் கபாத் என்னும் யூத மத இயக்கத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இளம் தம்பதிகள் போய்த் தங்கி வெள்ளி இரவு முன்பின் அறியாதவர்களுக்கும் சோறு போடுகிறார்கள். டெல்லி பகார்கஞ்ச், புஷ்கர், கோவா என்று இஸ்ரேலிய இளைஞர்கள் முதுகுப்பையோடு திரியும் வழியெங்கும் அவர்கள் வீடுகள் உண்டு. மும்பை கொலாபாவில் நரிமன் ஹவுஸ் அப்படியொரு வீடு. ரபி காவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் மனைவி ரிவ்காவும் 2003 முதல் அங்கே பயணிகளுக்கு உணவிட்டு வந்தார்கள். 2008 நவம்பர் 26 அன்று துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் அவர்கள் இருவரையும் சேர்த்து ஆறு பேரைக் கொன்றார்கள். முற்றுகை முடிந்த 28ஆம் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வீடு 2014இல் மறுபடி திறந்தது. வழிப்போக்கருக்கு உணவிடுவது என்ற சொற்களை எழுதும்போதெல்லாம் அந்த மேசை என் கண்முன் வருகிறது.

ஜப்பானுக்குப் போகிறவருக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: இன்று என்ன கிழமை? தேதிக்கோட்டை எருசலேமிலிருந்து அளக்க வேண்டும் என்று ஹசோன் இஷ் என்று அறியப்பட்ட ரபி வாதிட்டார். அவர் கணக்குப்படி ஜப்பானின் ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே ஷபாத். 1941இல் நாஜிகளிடமிருந்து தப்பிக் கோபே நகரில் தங்கியிருந்த யூத அகதிகள் யோம் கிப்பூர் நோன்பு எந்த நாள் என்று தந்தி அடித்துக் கேட்டார்கள். எருசலேமில் கூடிய ரபிகள் உள்ளூர்க் கணக்குப்படி புதன்கிழமை என்றார்கள். ஹசோன் இஷ் புதனன்று உண்டு, வியாழனன்று நோன்பிருக்கச் சொன்னார். இன்றும் பெரும்பாலோர் உள்ளூர்ச் சனிக்கிழமையையே ஷபாத்தாகக் காக்கிறார்கள். ஞாயிறன்றும் வேலை தவிர்த்து எச்சரிக்கையாக இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே நாள் கழிய இரண்டு நாள் சோறு கட்டிப்போக வேண்டும்.

சனி இரவு வானில் மூன்று விண்மீன் தெரிந்ததும் ‘ஹவ்தாலா’ என்னும் பிரிவுச் சடங்கு. வீட்டில் வெள்ளிச் சிமிழில் நறுமணப் பொருள் இருக்கும், பின்னிய மெழுகுவர்த்தி இருக்கும். ஓட்டல் பயணி காகிதத்தில் மடித்து வந்த நான்கு கிராம்பை முகர்கிறார். வெளியே நடைபாதையில் நின்று இரண்டு தீக்குச்சிகளைச் சேர்த்துக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் தன் விரல்நகங்களைப் பார்க்கிறார். மீந்த திராட்சைச் சாற்றில் தீயை அணைத்துவிட்டு உள்ளே வருகிறார். வரவேற்பு மேசைப் பெண்ணிடம் நன்றி சொல்லி, தன் மின்னட்டையால் கதவைத் திறந்து, கெட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறார்.